ஓதக் கற்றுக்கொண்ட பெட்டி

ராமநாதபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது என் கடை. உள்ளே வருகிறவர்கள் முதலில் மூக்கைச் சுளிப்பார்கள், பிறகு சுற்றிப் பார்ப்பார்கள், கடைசியில் "ஏக்கா, இதெல்லாம் இன்னும் ஓடுதா?" என்று கேட்பார்கள். ஜெராக்ஸ் மிஷின் ஒன்று, நான் உட்காரும் நாற்காலி ஒன்று, மிச்ச இடம் முழுக்கப் பழைய கம்ப்யூட்டர்கள். மூடிப்போன நெட் சென்டர்களில் இருந்து வந்தவை, பள்ளிக்கூடங்கள் கழித்துக் கட்டியவை, பரணில் கிடந்து அலுத்தவை. கடல் காத்து இந்த ஜில்லாவில் இரும்பைச் சும்மா விடாது. சைக்கிள், ஜன்னல் கம்பி, கம்ப்யூட்டர் என்று எதையும் பாகுபாடு பார்க்காமல் தின்னும்.

"இது எல்லாத்தையும் பேரீச்சம்பழத்துக்குப் போட்டா நாம நடக்கவாச்சும் எடம் கெடைக்கும்" என்பது என் வீட்டுக்காரர் வாரம் தவறாமல் சொல்வது. எனக்குக் கோபம் வரும். நல்லா ஓடுகிற ஒன்றை, புது சிஸ்டம் அதில் ஏற மாட்டேன் என்கிற ஒரே காரணத்துக்காகக் குப்பையில் போடுவது எந்த ஊர் நியாயம்? அதனால்தான் இந்தப் பெட்டிகளில் நான் லினக்ஸ் போடுகிறேன். அதில் சின்ன வகைகள் உண்டு. கொஞ்சம் மெமரி இருந்தால் போதும், குறைப்படாமல் ஓடும். விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம்.

இந்தக் கடைசி மூன்றையும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் எடுத்துக்கொண்டதோடு சரி. பிரித்ததும் இல்லை, மாற்றியதும் இல்லை. அதற்கெல்லாம் எங்கோ பெரிய படிப்புப் படித்தவர்கள் இருப்பார்கள் என்று ஒரு நினைப்பு.

அப்படி இருக்கையில் ஒருநாள் முற்பகல் கீழக்கரையில் இருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மாவுக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். பழைய போர்வையில் சுற்றிய ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை இடுப்பில் அணைத்துத் தூக்கி வந்திருந்தார். மகளுக்கு இருபது தாண்டியிருக்கும். அம்மாவின் முழங்கையை ஒரு கையால் பிடித்திருந்தாள், மறு கை பெட்டியின் மேல் இருந்தது. பள்ளிக்கூட நாட்களில் வந்த ஒரு நோயில் அவளுக்குப் பார்வை போய்விட்டது என்று அந்த அம்மாவே சொன்னார்.

"அஞ்சல் வழியில தமிழ் படிக்கிறா. இது கடைசி வருசம். எம் மருமக படிச்சுக் காட்டுவா, இவ கேட்டு மனசுல வாங்கிக்குவா. இப்ப மருமகளுக்கு விசா வந்துருச்சு. மகன் தன்கூட கூப்புட்டுக்குறான். அவ போயிட்டா இவளுக்கு யாரும்மா படிச்சுக் காட்டுறது?"

"நீங்க படிச்சுக் காட்டக் கூடாதா?"

"எனக்கு குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இவ பாடத்துல ஒவ்வொரு வார்த்தையும் ஒரு மொழம் நீளம்."

போனே இப்போது வாசித்துக் காட்டுகிறதே என்றேன். மகள்தான் பதில் சொன்னாள். "கேக்குறதுக்குப் போன் போதும்க்கா. எழுதுறதுதான் முடியல. நாலு பக்கம் எழுதணும், எழுதுனத திரும்பிப் போயித் திருத்தணும். போன்ல அது கண்ணாடிய தடவுற மாதிரி இருக்கு. எனக்கு விரலுக்குப் புடி வேணும்."

போர்வையை விலக்கிப் பெட்டியைப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கத் துரு. வாய் சும்மா இருக்காமல், "இத பேரீச்சம்பழத்துக்குத்தாம்மா போடணும்" என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த அம்மா அசரவில்லை. "பேரீச்சம்பழம் எங்க வீட்ல டின்னு டின்னா இருக்கு. கம்ப்யூட்டர்தான் இல்ல."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சரி, வேலையை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். "மானிட்டர் எங்கம்மா? வீட்ல இருக்கா?"

மகள் சத்தம் போட்டுச் சிரித்தாள். "எனக்கு எதுக்குக்கா மானிட்டர்?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர்கள் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இத்தனை வருடத் தொழிலில், திரை இருண்டுவிட்டால் கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்றுதான் எல்லோரும் தூக்கி வருவார்கள். நானும் திரையைத்தான் கம்ப்யூட்டர் என்று நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கடையில் திரை போய் ஓரங்கட்டிய பெட்டிகள் ஒரு வரிசை இருந்தன. அன்றைக்கு அவற்றைப் பார்க்கிறபோது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஊரில் இவளைப்போல எத்தனை பேர் இருக்கிறார்களோ, இங்கே நல்ல பெட்டிகள் சும்மா கிடக்கின்றனவே என்று.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே பல்லி முட்டை ஓடுகள், மூலையில் எறும்புப் புற்று, போர்டின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பிரஷ் போட்டுத் துடைத்தேன். மெமரியின் பற்களைப் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். போர்டில் இருக்கும் சின்ன பேட்டரியை மாற்றினேன். ஹார்டு டிஸ்க் தேறவில்லை, வேறொரு செத்த பெட்டியில் இருந்து எடுத்துப் போட்டேன். லினக்ஸ் ஏற்றி, திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் ஸ்க்ரீன் ரீடரையும் தமிழ்க் குரலையும் சேர்த்தேன். அதுவரை கடை மானிட்டரை மாட்டித்தான் வேலை செய்தேன். எல்லாம் முடிந்ததும் அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியை அணைத்து மறுபடி போட்டேன்.

உள்ளே விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நம்புவதற்கும் ஒன்றும் இல்லை என்று தோன்றுகிற அளவு நேரம் கழித்து, தொண்டை கட்டிய கண்டக்டர் குரலில் பெட்டி தமிழில் பேசியது. குரல் அழகில்லை, ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. ஆனாலும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. திரை இல்லை, துரு பிடித்த தகரம், பேரீச்சம்பழத்துக்குப் போக வேண்டியது, அது வாயைத் திறந்து பேசுகிறது.

மறுபடி அவர்கள் கடைக்கு வந்த அன்று ஸ்பீக்கரை மாட்டித் தயாராக வைத்திருந்தேன். மகளின் விரல்கள் கீபோர்டில் இருக்கும் சின்ன மேடுகளைத் தேடிக் கண்டுபிடித்தன. தமிழ் எழுத்துகள் எங்கெங்கே இருக்கின்றன என்று சொல்லிக் கொடுத்தேன். உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. தமிழ் படித்த பெண், சட்டென்று பிடித்துக்கொண்டாள். "எதையாவது எழுதும்மா" என்றேன்.

அவள் யோசிக்கவே இல்லை. பிஸ்மில்லாஹ் என்று அடித்தாள். அவர்கள் எந்தக் காரியத்தையும் அந்தச் சொல்லை வைத்துத்தான் தொடங்குவார்கள். அல்லாஹ்வின் பெயரால் என்று பொருள். சோறு அள்ளும்போதும் அதுதான், அடுப்புப் பற்ற வைக்கும்போதும் அதுதான்.

பெட்டி வாசித்தது. பிள்ளைக்குப் போடுகிற 'பி'யைப் போட்டு வாசித்தது.

தமிழுக்கு ப ஒன்றுதானே. பல்லுக்கும் அதே ப, பஸ்ஸுக்கும் அதே ப. நாம் சொல்லைப் பார்த்ததுமே அது எந்த ஊர்ச் சரக்கு என்று தெரிந்து சத்தத்தை மாற்றிக்கொள்கிறோம். பெட்டிக்கு அது எப்படித் தெரியும்? போதாக்குறைக்குக் கடைசியில் வரும் ஹ் சத்தத்தையும் பாதியில் விழுங்கிவிட்டது.

மகள் கையைக் கீபோர்டில் இருந்து எடுத்துவிட்டாள். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"என்னத்த இது இப்புடி ஓதுது? நிப்பாட்டும்மா."

"அம்மா, இது மனுசன் இல்ல, மிஷினு. அதுக்கு என்ன தெரியும்?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எத்தனை பாடுபட்டு அதைப் பேச வைத்திருக்கிறேன்!

"தெரியலேன்னா சொல்லிக் குடுக்கணும்ல? ஓதுறதுல எழுத்து மாறக் கூடாது, மாறுனா அர்த்தம் மாறிப் போகும். தொடங்குற வார்த்தையே பெசகா இருந்தா, இத எப்புடி வீட்டுக்குள்ள வைக்கிறது? நாள் பூரா கேட்டுக் கேட்டு இவ நாக்கும் திரும்பிக்கிரும்." போர்வையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். மகளைப் பார்த்து, "வேற வழி பாப்பம்மா" என்றார்.

வேறு வழி இல்லை என்பது மூன்று பேருக்குமே தெரியும். மருமகளுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. அவர் போனால் படிப்பு நின்றுவிடும். மகள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அக்கா, இதுக்கு யாரு தமிழ் சொல்லிக் குடுத்தா? அவங்க சொல்லிக் குடுத்தத நாம மாத்த முடியுமா?"

"அதெல்லாம் முடியாதும்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். பழக்கதோஷம். காசு கொடுத்து வாங்கும் எதையும் நாம் தொட முடியாது. கம்பெனிக்காரன் கொடுத்ததை வைத்துக் குப்பை கொட்ட வேண்டும். பாதிச் சொல்லில் நிறுத்திவிட்டேன். பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். எத்தனை பேரிடம் அளந்திருக்கிறேன்!

"இரு, பாப்போம்" என்று கடை மானிட்டரை மாட்டினேன். இணையத்தில் தேடி, தமிழ்க் குரலுக்கான விதிகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று கண்டுபிடித்துத் திறந்தேன். பெரிய மந்திர தந்திரமாக இருக்கும் என்று பயந்தவளுக்கு முன்னால் வந்து நின்றது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. இந்த எழுத்துக்கு இந்தச் சத்தம், இந்த இடத்தில் வந்தால் இந்தச் சத்தம், இந்தச் சொல்லுக்கு மட்டும் விதிவிலக்கு. அவ்வளவுதான் அந்தப் பெட்டியின் வாய். நடுவில் ஆங்கிலத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள். இது எனக்குச் சரியாகத் தெரியவில்லை, தமிழ் பேசுகிறவர்கள் பார்த்துச் சொல்லவும் என்று ஓர் இடத்தில் யாரோ எழுதி வைத்திருந்தார்.

அந்த வரியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். எந்த ஊர்க்காரரோ, என்ன மதமோ, தமிழ் ஒரு வார்த்தையாவது பேசத் தெரியுமோ தெரியாதோ. எங்கள் மொழிக்கு உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் வைத்துவிட்டு, தெரியாததைத் தெரியாது என்று எழுதி, எங்களுக்காகக் கதவைத் திறந்தும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என்னைப் போல எத்தனை பேர் அந்தக் கதவுக்கு வெளியிலேயே நின்றிருக்கிறோம்.

"நம்மளத்தான் கூப்புடுறாங்க" என்றாள் மகள்.

சத்தத்தை எழுதக் குறிகள் இருந்தன. ஆனால் சத்தம் எனக்குத் தெரிய வேண்டுமே. நான் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவள். எனக்குத் தெரிந்த மாதிரி 'பிஸ்மில்லா' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே குறி போட்டேன். அம்மா மறுத்துத் தலையை ஆட்டினார்.

"கடேசில மூச்சு எங்க? 'லா'ன்னு முடிஞ்சு போச்சே. ஹ்... நெஞ்சுலேர்ந்து வரணும். சொல்லு பாப்போம்."

சொன்னேன். "இல்ல" என்றார். மறுபடி சொன்னேன். "இப்ப ரொம்ப இழுக்குற. கொட்டாவி விடுற மாதிரி இருக்கு." அவர் போர்வையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டிருந்தார். சோற்றுக் கேரியரோடு உள்ளே வந்த என் வீட்டுக்காரர், நான் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பதறிப்போய், "என்னாச்சு, ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்றார். மகள் மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள்.

ஒருவழியாக அம்மா தலையசைத்தார். அந்தச் சத்தத்துக்கு ஏற்ற குறிகளைத் தேடி அடித்து, ஒரே ஒரு வரியைச் சேர்த்து, கோப்பைப் பெட்டி ஏற்றுக்கொள்வதற்கான கட்டளையைக் கொடுத்தேன். மகளிடம் சொன்னேன். அவள் மறுபடி அடித்தாள்.

பெட்டி சரியாகச் சொன்னது. அதே தொண்டை கட்டிய குரல்தான். ஆனால் முதல் எழுத்து பஸ்ஸுக்குப் போடுகிற 'ப'வின் சத்தத்தில் வந்தது, கடைசியில் மூச்சும் வந்தது.

அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "மாஷா அல்லாஹ்" என்றார் மெதுவாக. மகள் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் பேச வைத்துக் கேட்டாள். ஒரு வரி! நான் சேர்த்த ஒரு வரிக்கு ஒரு பெட்டியின் நாக்கு திரும்பியது. பேசத் தெரியாத குழந்தை முதல் சொல் சொன்னால் வீட்டில் எல்லோரும் சுற்றி நிற்பார்களே, அப்படித்தான் நின்றோம். என் வீட்டுக்காரர் கேரியரைக் கையில் வைத்தபடியே நின்றார்.

"ஓதிருச்சு" என்றார் அம்மா. எங்கள் ஊர்க் கோயிலில் தேவாரம் பாடுகிறவரை ஓதுவார் என்போம். இவர்கள் வீட்டிலும் ஓதுவது என்றுதான் சொல்கிறார்கள். பெட்டி வாசிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த நானும் அன்றிலிருந்து ஓதுகிறது என்றே சொல்லத் தொடங்கிவிட்டேன்.

அந்தக் கோப்பை வைத்திருக்கிறவர்களுக்கும் திருத்தத்தை அனுப்பலாம் என்று இணையத்தில் வழி சொல்லியிருந்தது. என் ஆங்கிலத்துக்கு வியர்த்துக் கொட்டியது, இருந்தாலும் அனுப்பினேன். பதில் வந்தது: நன்றி, இதைச் சொல்லும் முறையைப் பதிவு செய்து அனுப்ப முடியுமா, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று. மகளுக்கு, அவள் உம்மா என்று கூப்பிடும் அம்மா சொல்வதைத்தான் அனுப்ப வேண்டும் என்று ஆசை. அம்மா தயங்கினார். முன்பின் தெரியாத ஆம்பிளைகள் கேட்கும்படி தன் குரலை வெளியே விடுவது அவருக்குப் பழக்கமில்லை. வீட்டில் யோசித்துவிட்டு, கடைக்குப் போன் போட்டார்.

"எழுத்து சரியா இருக்கணும்ல. அதுக்காகச் சொல்றேன். வார்த்தைய மட்டும் எடுத்துக்கச் சொல்லு."

அந்த ஒரு சொல்லைப் பதிவு செய்து மகள் அனுப்பினாள். சேர்த்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. அதோடு அந்தச் சேதியை நான் மறந்துவிட்டேன்.

பெட்டி கீழக்கரைக்குப் போனது. மருமகள் வெளிநாடு போனார். பாடப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றிப் பென்டிரைவில் அனுப்புவது என் வேலை. அதற்கும் காசில்லாத ஒரு மென்பொருள் இருந்தது, அதையும் யாரோ புண்ணியவான்கள் எழுதி வைத்திருந்தார்கள். நான் அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மா தட்டில் தொதல் வெட்டி வைப்பார். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கிண்டிய அது பல்லில் ஒட்டிக்கொண்டு என் வாயை அடைக்கும். மகள் அதற்குள் குறைகளை அடுக்குவாள். "கறிக்கடை பாய்னு எழுதுனா, கறிக்கடையில விரிக்கிற பாய் மாதிரி ஓதுதுக்கா." அதையும் திருத்தினோம். ஒரு கட்டத்துக்கு மேல் நான் கையை வைக்கவே இல்லை. கோப்பைத் திறப்பது, வரி சேர்ப்பது, கட்டளை கொடுப்பது எல்லாம் அவளே செய்தாள்.

பரீட்சை முடிந்து ரிசல்ட் வந்த அன்று என் போனுக்கு ஒரு மெயில் வந்தது. அவள் அடித்தது. முதல் வரியில் பிஸ்மில்லாஹ், அடுத்த வரியில் "பாஸ் ஆயிட்டேன்க்கா. ஒரு எழுத்துப்பிழையாவது இருந்தாச் சொல்லுங்க." தேடிப் பார்த்தேன், இல்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் அவள் சொல்லித்தான் தங்கச்சிமடத்துக்குப் போனோம். அங்கே கடலுக்குப் போகும் ஒரு குடும்பத்தில் பார்வையில்லாத பெண் ஒருத்தி, இவளைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போன் செய்திருக்கிறாள். கடையின் ஓரத்தில் கிடந்த திரையில்லாத பெட்டிகளில் ஒன்றைத் தட்டித் தேற்றி எடுத்துக்கொண்டேன். இவள் சொல்லிக் கொடுக்கத் துணைக்கு வந்தாள். பஸ்ஸில் பெட்டி என் மடியில், ஸ்பீக்கர் அவள் மடியில். பாம்பன் பாலத்தில் ஜன்னல் வழியாகக் காத்து அறைந்தது.

மாதா படம் மாட்டியிருந்த கூடத்தில் வைத்து, புதிதாக வந்திருந்த லினக்ஸை ஏற்றினேன். முடிந்ததும் என்னோடு வந்தவள் ஆர்வம் தாங்காமல் கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டாள். அந்த வீட்டுப் பெண் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இரும்மா, நம்ம கோப்ப இன்னும் போடல, தப்பா ஓதப் போகுது" என்று நான் சொல்வதற்குள் அவள் பழக்கத்தில் அந்தச் சொல்லை அடித்துவிட்டாள்.

பெட்டி ஓதியது. சரியாக ஓதியது. கடைசி மூச்சோடு.

அவள் விரல்கள் அப்படியே நின்றன. "அக்கா, நீங்க போட்டீங்களா?"

"நான் எங்க போட்டேன்? பென்டிரைவ் பையிலதான் இருக்கு."

"அப்ப யாரு போட்டா?"

எனக்குப் புரிவதற்குச் சற்று நேரம் ஆனது. நாங்கள் அனுப்பிய வரிதான். எங்கெங்கோ சுற்றி, யார் யார் கையிலோ ஏறி இறங்கி, புதிய லினக்ஸோடு சேர்ந்து இந்தக் கூடத்துக்கு எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. இங்கே மட்டுமா? இதை ஏற்றுகிற எல்லாப் பெட்டியிலும், பேர்கூட எனக்குத் தெரியாத ஊர்களிலும் இருக்கும். அவளிடம் அதைச் சொன்னேன்.

அந்த வீட்டுப் பெண் எங்கள் இரண்டு பேரின் கையையும் தேடிப் பிடித்தாள். "என்ன ஆச்சு? எனக்கும் சொல்லுங்க." என்று கேட்டாள்.

இவள் போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து வீட்டுக்குப் போட்டாள். "உம்மா, நான் தங்கச்சிமடத்துல இருக்கேன். இங்கன ஒரு புதுப் பெட்டி. நாங்க இதுக்கு ஒண்ணுமே சொல்லிக் குடுக்கல. கேளுங்க." போனை ஸ்பீக்கர் பக்கம் பிடித்துக்கொண்டு மறுபடி ஓத வைத்தாள்.



"இன்னொருக்கா போடு" என்றார் அம்மா.

போட்டாள். பெட்டி ஓதி முடித்தது.

"கடேசில வருதே," என்றது போனில் அந்தக் குரல், "அது என் மூச்சுல்ல?"

"ஆமாம்மா" என்றேன் நான்.